ஐனோவுக்குக் காதுகுத்து

நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். என் பை இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே திராட்சைதான். நம் தோட்டத்துப் பன்னீர் திராட்சை, காலையில் வெட்டியது. கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவித்தான் வைத்திருக்கிறேன். வேணாம் என்றால் விடுகிற ஆள் நான் இல்லை. கையை நீட்டுங்கள். ம், அப்படி. கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் தேனி வரைக்குமா? நான் அதற்கு முன்னால் பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். சின்னமனூரில் என்னோடு ஒரு பெண் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். அதோ, டிரைவருக்குப் பின்னால், பச்சைத் துப்பட்டா. என் மகள். மிருதுளா. ஒன்பதாவது படிக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே ஸ்டாப்பில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறி, அவள் அங்கே, நான் இங்கே. அவளுக்கும் சேர்த்து நான்தான் டிக்கெட் எடுத்தேன். யாருக்கு என்று கண்டக்டர் கேட்டார். கையைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் காதைக் கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். மூளிக் காது. தோட்டைக் கழற்றிவிட்டாள். பொங்கல் முடிந்ததிலிருந்து மூளிக் காதோடுதான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். வீட்டில் தோடு இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே செய்கிறாள்.

எனக்கு எதிராகத்தான். வேறு யாருக்கு?

இப்போது நாங்கள் எதற்குப் போகிறோம் என்றால், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூமில் என்னை உட்காரவைக்கப் போகிறார்கள். பின்லாந்து தேசத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் திரையில் வருவார்கள். அவர்களைப் பார்த்து நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். சொன்னால் மே மாதம் மற்ற பிள்ளைகளோடு என் மகளும் பின்லாந்து போவாள். சொல்லாவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். அந்த வாக்கியத்தை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் வெளியாள். உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் கலாச்சாரப் பரிமாற்ற வாரம் என்று வைத்தார்கள். வாசலில் பெரிய பேனர். பின்லாந்துப் பிள்ளைகள் ஒரு டீச்சரோடு வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் நம் பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். பிறகு கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் அங்கே போய் அவர்கள் வீட்டில் தங்குவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஐனோ. பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். வெளுத்த முடி, புருவம்கூட வெளுப்பு. பேசினால் பேசினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும், அவ்வளவு மெதுவாகப் பேசுவாள்.

முன்னாடியே பெற்றோர்களைக் கூப்பிட்டு எஸ்தர் மிஸ் கூட்டம் போட்டார். அந்த மிஸ்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. காரம் கொடுக்காதீர்கள், கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்கள், அசைவம் கொடுக்க வேண்டாம், வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஏற்றாதீர்கள், பச்சை குத்தக் கூடாது, மருதாணி போட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எல்லாம் சொன்னார். காது குத்தக் கூடாது என்று சொல்லவே இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை இன்றைக்கும் கேட்கத்தான் போகிறேன்.

அந்தப் பிள்ளையை நாங்கள் எப்படி வைத்துக்கொண்டோம் என்று எங்கள் தெருவில் வந்து கேளுங்கள். என் மனைவி ஜெயக்கொடி அவளுக்காகவே தனியாக மிளகாய் இல்லாமல் சாம்பார் வைத்தாள். நான் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தலுக்குக் கீழே நிற்கவைத்து, எந்தக் குலை வேண்டுமோ காட்டு என்றேன். காட்டினாள். வெட்டிக் கொடுத்தேன். மறுபடி காட்டு என்றேன். போதும் என்று கையை ஆட்டினாள். விட்டுவிடுவேனா? கூடை நிறைய வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கூடையை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் கஷ்டம். கோழி கொத்துவதுபோல் கொத்துவாள். இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள். ஜெயக்கொடி மூன்றாவதை வைப்பாள். பிள்ளை என்ன சொல்வது என்று தெரியாமல் மிருதுளாவைப் பார்க்கும். அப்போதுதான் என் மகள் அவளுக்கு ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொடுத்தாள். "வேணாம்னு சொல்லு. கைய இப்படி எல மேல வச்சுக்கிட்டுச் சொல்லு." அவள் சொன்னாள், "வேணாம்." எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? மழலை மாதிரி. ஜெயக்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு இட்லியை வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு. தோசைக்கு வேணாம், வடைக்கு வேணாம், பாயசத்துக்கு வேணாம். சொல்லச் சொல்ல வைப்போம். என் பங்காளி வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள்கூட, "எங்கம்மா, வேணாம் சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டு ஒரு அதிரசத்தை வைப்பார்கள். அதுதானே உபசாரம். விருந்தாளி வேணாம் என்கிறார், உடனே சட்டியை மூடிக்கொண்டு போய்விட்டால் அது என்ன வீடு? நீங்கள் இப்போது வேணாம் என்றீர்கள், நான் கொடுத்தேன், நீங்கள் தின்கிறீர்கள். நன்றாக இருக்கிறது அல்லவா? பிறகென்ன.

இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்.

மூன்றாம் நாளோ என்னவோ, ஐனோ மிருதுளாவின் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் காது அப்படியே இருந்தது. ஒரு ஓட்டையும் இல்லை. அவ்வளவு பெரிய பெண்ணுக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏம்மா, அவங்க ஊர்ல காது குத்த மாட்டாங்களா என்று கேட்டேன். குத்துவார்களாம், இவளுக்கு இன்னும் குத்தவில்லையாம், இவளுக்கு ஆசையாம். அவள் அம்மாவிடம் போனில் கேட்டாள். அம்மாவும் சரி என்றுவிட்டாள். ஆனால் எப்படி? திங்கட்கிழமை அந்தப் பின்லாந்து டீச்சர் கூட்டிக்கொண்டு போய், தேனியில் ஒரு பேன்ஸி கடையில், துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்குமே, அதில் வைத்துப் பட்டென்று அடித்துவிடுவார்களாம்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வளையல், ரிப்பன் விற்கிற கடையில், நாலு பேர் வந்துபோகிற இடத்தில், ஸ்டூலில் உட்காரவைத்துக் காது குத்துவதா? யாரும் இல்லாத பிள்ளைக்குத்தான் அப்படிக் குத்துவார்கள். என் வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளை. என் கையால் சாப்பிடுகிற பிள்ளை.

இந்த இடத்தில்தான் ஜெயக்கொடி ஒரு பேச்சை எடுத்தாள். "இது விஜயராணி மேல இருக்க கோவம்" என்றாள். விஜயராணி என் தங்கை. மதுரையில் இருக்கிறாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். காதுகுத்துக்கு என்று குழந்தை பிறந்த உடனேயே தோடு செய்து வைத்துவிட்டேன். மயில் வைத்த தோடு, சின்னதாக, சிவப்புக் கல். பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று. குலசாமி கோயிலில் எந்த வேம்புக்குக் கீழே பந்தல் போடுவது என்றுகூடப் பேசி வைத்துவிட்டேன். ஒரு நாள் போனைத் திறந்தால் தங்கை ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில், டாக்டர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழந்தை காதில் குண்டுமணி மாதிரி ஏதோ ஒன்று. மாமன் எங்கே? மாமன் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

கேட்டதற்கு அவள் சொன்ன பதில், "பிள்ளைக்கு எளப்பு இருக்குண்ணே. பொகையும் கூட்டமும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்கிட்டச் சொன்னா நீ கேக்க மாட்ட. ஊரக் கூட்டிருவ."

நான் கேட்க மாட்டேனாம். சொல்லிப் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, அது முடிந்த கதை. நான் அதை மறந்துவிட்டேன். தோடு பீரோவில் கிடந்தது. அதைத்தான் ஐனோவுக்குப் போட்டேன். சும்மா கிடந்ததைப் போட்டேன், அவ்வளவுதான். கைக்குழந்தைக்குச் செய்தது, அவள் காதுக்குக் கொஞ்சம் சின்னது. ஆனால் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப நாள் என்று பள்ளிக்கூடமே விட்டிருந்தது. அன்றைக்கு அந்தந்த வீட்டுக்காரர்கள் பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். நான் முறையாகக் கேட்டேன். மிருதுளாவை வைத்துத்தான் கேட்டேன். கோயிலில் செய்யலாமா, எங்கள் வழக்கப்படி, என்று. ஐனோவுக்கு ஒரே குதூகலம். சரி என்று தலையை ஆட்டினாள். பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தோம். வளையல் போட்டுவிட்டோம். நான் திருடிக்கொண்டு போகவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குலசாமி கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உறுமிமேளம் சொல்லியிருந்தேன். கிடா வெட்டவில்லை. ஏனென்றால் அசைவம் கூடாது என்று எஸ்தர் மிஸ் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் சொன்னதை நான் மீறவில்லை பாருங்கள். மொட்டை அடிக்க வேண்டும் என்று பூசாரி சொன்னதற்கும் நான்தான் குறுக்கே நின்றேன். அவ்வளவு அழகான முடி. முன்நெற்றியில் மூன்று இடத்தில் லேசாகக் கத்தரித்துப் பூமுடி எடுத்ததோடு நிறுத்திவிட்டேன். அந்த மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

தட்டுத் தட்டாகச் சீர் வைத்து, மேளத்தோடு நான் நடந்து வந்தேன். மாமன் இல்லாமல் காது குத்த முடியாது. அவளுக்கு யார் மாமன்? பின்லாந்திலிருந்து வரவழைக்க முடியுமா? நான் உட்கார்ந்தேன். குழந்தையாக இருந்தால் மடியில் வைத்துக்கொள்வோம். இவள் பெரியவள், பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்தோம். அவள் பூவும் பொட்டுமாக எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி வலது காதில் மஞ்சளை வைத்துக் குறி பார்த்துக் குத்தினார்.

வலிக்கத்தான் செய்யும். வலிக்காது என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியில் பட்டென்று போய்விடும், ஊசியில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தோட்டைத் திருகி மாட்ட வேண்டும். ரத்தம் ஒரு பொட்டு. அவள் அலறவில்லை. முகம் மட்டும் சட்டென்று மாறியது. ஆசாரி இடது பக்கம் வந்தார். அவள் கையை எடுத்து அந்தக் காதைப் பொத்திக்கொண்டு, "வேணாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கமாட்டார்கள்? எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது. பிள்ளை பழையபடி வேணாம் சொல்கிறது என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார். அவள் மறுபடியும் சொன்னாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

நான் தலையைப் பிடித்தேன்.

அதுதான் மாமன் வேலை. வேறு எதற்கு மாமன்? பிள்ளை திமிறும். மாமன் அதன் தலையைத் தன் தோளோடு சேர்த்து அசையாமல் பிடிக்க வேண்டும். அசைந்தால் ஊசி இடம் மாறிக் காது கிழிந்துவிடும். என் தங்கைக்குக் குத்தும்போது என் மாமா பிடித்தார். அவள் கத்திய கத்தலில் கோயில் மணி அதிர்ந்தது. மிருதுளாவுக்குக் குத்தும்போது ஜெயக்கொடியின் அண்ணன் பிடித்தார். அவரைக் கடித்துவைத்துவிட்டாள். இன்றைக்கு அவர்களெல்லாம் ஜிமிக்கி போட்டுக்கொண்டு அலையவில்லையா? யார் வந்து கேஸ் போட்டார்கள்? ஒற்றைக் காதோடு ஒரு பெண் பிள்ளையை எழுப்பிவிட முடியுமா? மிருதுளாவைக் கேட்டால், "ஒரு காதுல மட்டும் போடுறவங்க அங்க நெறைய பேருப்பா" என்கிறாள். அங்கே இருக்கலாம். எங்கள் குலசாமிக்கு முன்னால் கிடையாது.

இடது காதும் முடிந்தது. தேங்காய் உடைத்தோம். போட்டோ எடுத்தோம். அவள் அழவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. யாரோடும் பேசவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள்.

பந்தி போட்டோம். அவளை நடுவில் உட்காரவைத்து இலை போட்டோம். ஜெயக்கொடி சர்க்கரைப்பொங்கலைக் கொண்டுவந்து கரண்டியில் எடுத்தாள். பிள்ளை இலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "வேணாம்" என்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் ஜெயக்கொடியிடம் வை என்றேன். அவள் வைக்கவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "வைடி" என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொங்கலைச் சட்டியிலேயே போட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு இலையைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. வெயில். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள். அதனால் இருக்கும்.

சாயங்காலம் அந்த டீச்சர் கார் எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஐனோவே போன் செய்து வரச்சொல்லியிருக்கிறாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை அவளே இறக்கினாள். நான் தூக்கப் போனேன். கொடுக்கவில்லை. மிச்ச நாள் அவள் டீச்சரோடு பள்ளிக்கூட விடுதியில் தங்கினாளாம். எங்கள் வீட்டில் அவளுக்கென்று வாங்கிய போர்வை, மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். எல்லோரும்தான் வைக்கிறார்கள். விஜயராணி பார்த்துவிட்டுப் போன் செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளாகச் செய்த போன். "அண்ணே, அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தேன். எம்பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நல்லதாப் போச்சு" என்றாள். பொறாமை. வேறென்ன? தன் பிள்ளைக்கு வர வேண்டிய சீர் வேறு எங்கோ போய்விட்டதே என்று.

பஸ் வீரபாண்டி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

பின்லாந்திலிருந்து புகார் வந்தது. காது குத்தியதற்கு இல்லை. கோயிலுக்குப் போனதற்கும் இல்லை, முடி எடுத்ததற்கும் இல்லை. அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லையாம். ஐனோவின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். என் மகள் வேணாம் என்று சொன்னது அந்த மனிதருக்குக் கேட்டதா, இல்லையா?

எஸ்தர் மிஸ் வீட்டுக்கே வந்தார். தாளாளர் அனுப்பியிருக்கிறார். காபி கொடுத்தோம், குடித்தார். "சார், நீங்க ஒண்ணும் பெரிசா சொல்ல வேண்டாம். உறுமிச் சத்தத்துல அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நானே மொழிபெயர்த்துருவேன். அவங்களுக்கு அது போதும். ஸ்கூலுக்கும் அது போதும். மிருதுளா பேர் லிஸ்ட்ல இருக்கும்" என்றார்.

நன்றாக இருக்கிறதா? என்னைச் செவிடன் ஆக்குகிறார்கள். என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே.

உறுமி அப்போது அடிக்கவே இல்லை. ஊசி வைக்கும்போது மேளத்தை நிறுத்திவிடுவார்கள், பிள்ளை மிரளக் கூடாது என்று. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். அவ்வளவு பேருக்கும் கேட்டுத்தானே சிரித்தார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்காதா? அவள் என்ன பின்லாந்து பாஷையிலா சொன்னாள்? தமிழில் சொன்னாள். என் மகள் சொல்லிக்கொடுத்து, என் வீட்டில் சொல்லிப் பழகிய வார்த்தை.

மிருதுளாவும் இதையேதான் கேட்டாள். டீச்சரின் கார் போன பிறகு வாசலில் நின்றபடி கேட்டாள். "அவ சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லையாப்பா?" அப்பனைக் கேட்கிற கேள்வியா இது? போடி உள்ளே என்றேன். மறுநாள் காலையில் காது மூளியாக இருந்தது. அவள் தோடு இரண்டும் சாமிப் படத்துக்கு முன்னால் கிடந்தன.

எஸ்தர் மிஸ் வந்துபோன பிறகு நான் அவளிடம் சமாதானமாகத்தான் பேசினேன். "நான் கேக்கலன்னு சொல்லிட்டா ஒனக்குச் சந்தோஷம்தானே? ஊருக்குப் போகலாம்ல?" என்றேன். அவள் பாடப் புத்தகத்தை மூடாமலேயே சொன்னாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அவ சொன்னதும் நானும் சொன்னேன். அப்பா, வேணாங்கிறான்னு. ஒங்க காதுகிட்டக்க வந்து சொன்னேன்."

ஆமாம், சொன்னாள்.

அவளுக்கு ஊருக்குப் போகிற ஆசை. வயது அப்படி. பெட்டி வாங்க வேண்டும், கம்பளிச் சட்டை வாங்க வேண்டும் என்று தீபாவளியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள். இப்போது பேசுவதில்லை. அந்தப் பிள்ளையோடு போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, "அவளும் அதே கேள்வியத்தான் கேட்டுருக்கா. அப்பா பதில் சொல்லாம நான் எப்படிப் பேசுறது" என்றாளாம். பெரிய கேள்வி.

ஐனோவுக்கு என் மேல் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. தோடு இன்றுவரை திரும்பி வரவில்லை பாருங்கள். பிடிக்காதவள் கழற்றி அனுப்பியிருக்க மாட்டாளா? இதை மிருதுளாவிடம் சொன்னேன். "புண்ணு ஆறுற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அங்க டாக்டர் சொல்லிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

இன்று காலையில் கிளம்பும்போது நான் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த தோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். நாலு பேர் முன்னால் போகிறோம், மூளிக் காதோடு வராதே, துளை தூர்ந்துவிடும் என்றேன். ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "வேணாம்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தலை என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது.

நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான்.

இப்போது போய் உட்காரப் போகிறேன். எஸ்தர் மிஸ் பக்கத்தில் இருப்பார், தாளாளர் இருப்பார். அந்த அம்மா திரையில் வந்து கேட்பாள். நான் சொல்லப் போவது இதுதான். கேட்டது. நன்றாகவே கேட்டது. உங்கள் பெண்ணும் சொன்னாள், என் பெண்ணும் சொன்னாள், இரண்டும் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் பிடித்தேன். சத்தத்தில் விழவில்லை என்று சொல்ல எனக்குக் காது அவிந்துபோகவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தை என் வாயில் வராது. அதற்குப் பிறகு பெயரை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். மிஸ் வேறு மாதிரி மொழிபெயர்த்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அதற்கும் வழியிருக்கிறது. மிருதுளாவைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லச் சொல்வேன். அவள் மாற்றிச் சொல்லமாட்டாள்.

என்ன, நான் சொல்வது சரிதானே?

இதோ ஸ்டாப் வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்கள். மிருதுளா இறங்கிவிட்டாள் பாருங்கள். விறுவிறுவென்று கேட்டுக்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன். வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறாள். எனக்காகத்தான் நிற்கிறாள் போல.

இந்தாருங்கள், இந்த மிச்சத் திராட்சையை வைத்துக்கொள்ளுங்கள். எஸ்தர் மிஸ்ஸுக்கு என்று ஜெயக்கொடி கொடுத்துவிட்டது. அங்கே யார் தின்னப் போகிறார்கள்? வேணாமா? நிஜமாகவே வேணாமா, சும்மா சொல்கிறீர்களா? எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். அந்தக் கண்டக்டர் விசில் ஊதுகிறார்.

சரி. ஜன்னலோரமாக வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.